எருதுத் தடத்தில் ஒரு பிரெஞ்சுப் பிரபு

கோஷே பிரபு சண்டை போடுவதற்கென்றே கடல் கடந்து வந்தவர். பாவம், அவர் கப்பலை விட்டு இறங்கிய வாரமே சமாதானம் ஆகிவிட்டது.

வரும் கோடைகாலம் வரை ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்துவதில்லை என்று இங்கிலாந்து ராஜாவும் ஸ்காட்லாந்து ராஜாவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்டுகளோடு சேர்ந்து ஆங்கிலேயனை அடித்து நொறுக்கலாம் என்று ஆசை ஆசையாக வந்த பிரெஞ்சு வீரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. திருப்பி அனுப்பினால் மரியாதை இல்லை. கோட்டையில் வைத்துச் சோறு போட்டால் கட்டுப்படியாகாது. அந்தச் சீமையை ஆண்ட பெரிய பிரபு நன்றாக யோசித்து, அவர்களை வீட்டுக்கு ஒருவராக எல்லைக் கிராமங்களின் தலையில் கட்டிவிட்டார். கேர்ன்ஹோப் கிராமத்தில் மரியட்டாவின் பங்குக்கு வந்து சேர்ந்தவர்தான் இந்தக் கோஷே. கூடவே ஒரு போர்க்குதிரை. அது ஒரு குடும்பம் தின்கிற ஓட்ஸைத் தனியாளாகத் தின்றது.

மரியட்டா வாய்க்கு அந்தப் பள்ளத்தாக்கே பயப்படும். ஆனால் பிரபுவிடம் அவள் வாய் செல்லுபடியாகவில்லை. காரணம், அவர் பேசிய பேச்சு. நாட்டு மொழியை ஒரு துறவியிடம் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டிருந்தார். "யோவ், காலைத் தூக்கு, பெருக்கணும்" என்று இவள் கத்தினால், "மன்னிக்க வேண்டும் அம்மணி, எந்தக் காலைத் தூக்குதல் வேண்டும்?" என்று எழுந்து நின்று கேட்பார். அதற்கு மேல் ஒரு மனுஷியால் எப்படிச் சண்டை போட முடியும்?

அன்று விடிந்ததும் மரியட்டா தொழுவத்துக்குப் போனாள். தொழுவம் காலி. இரண்டு எருதும் இல்லை.

"சிம்! ஏ சிம்! போச்சுய்யா! ரெண்டையும் ஓட்டிட்டுப் போயிட்டானுங்க!"

சிம் அவள் புருஷன். கூரை வேய ஏறி, வழுக்கி விழுந்து, காலில் கட்டையும் துணியுமாக மூலையில் கிடந்தான். அவனால் முடிந்தது கத்துவது மட்டும்தான். அதைச் சரியாகச் செய்தான்.

"எவன்டா அவன்? எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெற்கத்திப் பயலாத்தான் இருக்கும்! அடியே, நாய் ஏன் குரைக்கல?"

"நாய் உன் பக்கத்துல படுத்துத் தூங்குது. நீ கொடுத்த எலும்பைத் தின்னுட்டு!"

விளையாட்டு விஷயம் இல்லை இது. அந்த ஊரில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரே ஏர். ஆளுக்கு இரண்டு எருது கொண்டு வந்து பூட்டினால்தான் அந்தக் கனத்த கலப்பை நகரும். மாடு கொண்டு வராதவன் நிலத்தில் ஏர் இறங்காது. அது அவர்களுக்குள் பேசிவைத்த கட்டுப்பாடு, அழுதாலும் மாறாது. திங்கட்கிழமை ஏர் பூட்டுகிறார்கள். அதற்குள் மாடு வரவில்லையென்றால் மரியட்டாவின் நிலம் தரிசு. தரிசு என்றால் ஓட்ஸ் இல்லை. ஓட்ஸ் இல்லையென்றால் அடுத்த குளிர்காலத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தும் பிரயோஜனம் இல்லை.

மரியட்டா ஒரு நிமிஷம் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திப்போட்டு எழுந்தாள்.

"சுடுதடம் போறேன்" என்றாள்.

சமாதான காலத்தில் மாடு திருடு போனால் எல்லைச் சீமையில் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு, அதுதான் சுடுதடம். மாட்டுக்காரன் ஒரு வேல்கம்பின் நுனியில் கரிமண் கட்டியை, அதாவது சதுப்பில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற மண்ணை, எரிய எரியக் குத்தி, தூக்கிப் பிடித்து, நாயும் ஊதுகொம்புமாக ஊரறியத் தடம் பிடித்துப் போகலாம். எல்லை தாண்டி ஆங்கிலேயன் ஊருக்குள்ளேயே போகலாம். எதிரில் எவன் வந்தாலும், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், கூப்பிட்டால் சேர்ந்துகொள்ள வேண்டும். வர மறுத்தால் அவனும் திருடனுக்குக் கூட்டு. ஆனால் இரண்டு விஷயம். வழியில் தீ அணைந்தால் தடமும் அணைந்தது. அதற்கப்புறம் அங்கே நிற்பவன் வெறும் திருடன், பிடித்துத் தூக்கில் போடலாம். தடம் போகிறவர்கள் ரத்தம் சிந்தினாலோ, அது சமாதானத்தை மீறிய படையெடுப்பு. மாடு இரு ராஜாக்களின் காவலர்களுக்குப் போய்விடும். திரும்பி வரவே வராது.

ஊர் ஆண்கள் எல்லாரும் பெரிய பிரபுவின் கோட்டைச் சுவர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்களுக்கோ ஆடு குட்டி போடும் நேரம், தலை நிமிர முடியாது. மரியட்டா கரிமண்ணை அடுப்பில் பற்றவைத்து, வேல்கம்பில் குத்திக்கொண்டு, தோளில் ஊதுகொம்பும் பின்னால் நாயுமாக வெளியே வந்தபோது, எதிரே வந்த முதல் ஆள் கோஷே. முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வந்துகொண்டிருந்தார்.

"கூப்பிடுறேன், வாங்க" என்றாள். "சட்டம்."

விஷயம் முழுக்கக் கேட்டதும் பிரபுவின் முகத்தில் வெளிச்சம் வந்தது பாருங்கள், குளிர்காலம் முழுக்க அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை.

"அம்மணி! ஆங்கிலேயர் மீதா படையெடுப்பு?"

"படையெடுப்பு இல்லைங்க பிரபு. மாடு தேடப் போறோம். கத்தியை உருவினீங்க, ஒரு சொட்டு ரத்தம் சிந்தினீங்க, என் பொழப்பு மண்ணாப் போயிடும். என் அடுப்பு மேல சத்தியம் பண்ணுங்க, சண்டை போடமாட்டேன்னு."

வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் சத்தியம் செய்தார். உள்ளே போய்த் திரும்பி வந்தபோது கவசம், வாள், பளபளவென்று தேய்த்த இரும்புத் தலைக்கவசம், கையில் வீட்டை விட உயரமான ஒரு ஈட்டி. திருவிழாத் தேர் மாதிரி நின்றார்.

"இது எதுக்கு?"

"மரியாதைக்கு, அம்மணி."

குதிரை மட்டும் வேண்டாம், மலைச்சேற்றில் கால் முறியும் என்று தடுத்துவிட்டாள். அவரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்தார். மூலையிலிருந்து சிம் கத்தினான்: "அடியே, அந்த ஈட்டி யார் கண்ணுலயும் குத்தாமப் பாத்துக்கோ!"

மலை ஏறும்போது அவர் ஈட்டியின் கதையைச் சொன்னார். அதில் பூசியிருந்த நீலமும் மஞ்சளும் அவர் குடும்பத்து நிறம். ஊர்க் கோயிலில் எல்லார் முன்னிலையிலும், இந்த ஈட்டியை ஓர் ஆங்கிலேயன் கேடயத்தின் மேல் மோதி உடைக்காமல் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்.

"உடைக்காமப் போனா?"

"நகைப்பார்கள், அம்மணி. என் மைத்துனன் முதலில் நகைப்பான்."

இதைக் கேட்டு மரியட்டாவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. மைத்துனன் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். அவளுக்கு நாத்தனார் இருக்கிறாளே.

எல்லை உச்சிக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. செவியட் மலை மழைக்கு வெட்கமே கிடையாது. மேலிருந்தும் வரும், பக்கவாட்டிலிருந்தும் வரும். கரிமண் சீறியது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு சிவப்புக் கண். மரியட்டா சால்வையைப் பிடித்தாள், காற்று பறித்தது. உடம்பால் மறைத்தாள்; நடக்க முடியவில்லை. அவள் கண் பிரபுவின் தலைமேல் போய் நின்றது.

"பிரபு, அதைக் கழட்டுங்க."

"எதை?"

"தலையில இருக்கே, அதை."

"அம்மணி, இது மிலான் நகரத்துக் கொல்லன் அடித்த கவசம்."

"நல்ல கொல்லன்தான். மழை ஒழுகாதுல்ல?"

அவர் கழற்றிக் கொடுத்தார். அதை அப்படியே வேல்கம்பு நுனியில், கரிமண்ணுக்குக் குடை மாதிரி கவிழ்த்தாள். கண் துளை வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் புகை குபுகுபுவென்று வந்தது. ஒரு வீரனின் தலை கம்பு மேல் உட்கார்ந்து கோபத்தில் புகைவது போலவே இருந்தது. மரியட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். பிரபு முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கும் அடக்க முடியவில்லை.

நாய் மூக்கைத் தரையில் வைத்து ஆங்கிலேயர் பக்கம் இறங்கியது. ஓடைக்கரை வரைக்கும் தடம் இருந்தது. அதற்கப்புறம் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. நாய் சுற்றிச் சுற்றி வந்து, உட்கார்ந்து, இவள் முகத்தைப் பார்த்தது. எதிரே தோர்ன்ஹோப் கிராமம். சுத்தமான ஆங்கிலேயன் ஊர்.

மரியட்டா கொம்பை எடுத்து மூச்சு முட்ட ஊதினாள்.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. எல்லைச் சீமையில் பிறந்தவனுக்குக் கொம்புச் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். மூளை பின்னாலே மெதுவாக வரும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். வேலி கட்டிக்கொண்டிருந்தவன், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், கையில் சுத்தியலோடு, செம்பட்டைத் தாடி பறக்க ஒருத்தன். தர்ஸ்டன். அந்த ஊரில் அவன் சொன்னால் சொன்னதுதான். சுடுதடம் என்றால் முதல் ஆளாக நிற்பவன் என்று எல்லையின் இரண்டு பக்கமும் பேர்.

"யாரும்மா? எந்த ஊரு? என்ன காணோம்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. வழக்கப்படி வேல்கம்பைப் பிடித்தான். "இந்தத் தீ அணையுற வரைக்கும், இல்லைன்னா தேடுறது கிடைக்கிற வரைக்கும், தடத்தை விட்டு விலகமாட்டேன். கடவுள் சாட்சி!" என்று ஊருக்கே கேட்கும்படி சத்தியம் செய்தான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கம்பைத் தொட்டார்கள்.

"கேர்ன்ஹோப்புங்க. ரெண்டு எருது காணோம். ஒண்ணு கருப்பு. இன்னொண்ணு செவலை, இடது கொம்பு கீழ வளைஞ்சிருக்கும்."

தர்ஸ்டனின் மூளை இப்போதுதான் வந்து சேர்ந்தது. தாடிக்கு மேலே இருந்த முகம் மெல்ல மெல்லத் தொங்கிப்போனது. கை இன்னும் கம்பிலேயே இருந்தது. அதை எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

"செவலையா?" என்றான், ஈனக்குரலில்.

"ஆமா. பாத்திருக்கீங்களா?"

"நானா? சே... செவலை... உலகத்துல எத்தனையோ செவலை இருக்கு."

மரியட்டா கண்ணை இடுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன? அவள் நிற்பது அவன் ஊரில். சுற்றி நிற்பது அவன் ஆட்கள். மாட்டைக் கண்ணெதிரே காட்டாமல் வாயைத் திறந்தால் பொய்ப்பழி என்று அவளையே கட்டிப்போடலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப வாங்க அண்ணே, நீங்கதான் இந்தப் பக்கம் எல்லாம் தெரிஞ்சவங்க. வழி காட்டுங்க."

தர்ஸ்டன் வழி காட்டினான், ரொம்ப நன்றாக. கிழக்கே இருந்த சதுப்புக்குள் நேராக அழைத்துக்கொண்டு போனான். மாடு அந்தப் பக்கம் போயிருந்தால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும். முழங்கால் வரை சேறு, மேலே மழை, பக்கத்தில் வீசுகிற காற்று. அவன் கணக்கு அவளுக்குத் தெரியாமலா? தீ அணைந்தால் சத்தியமும் அணைந்தது. அவன் நல்லவனாகவே வீட்டுக்குப் போகலாம். இவளோ வேற்று நாட்டில் சட்டமில்லாமல் நிற்பாள்.

"ஏன்யா தர்ஸ்டன், மாடு என்ன வாத்தா, இதுக்குள்ள நீந்திப் போக?" என்று பின்னால் ஒரு கிழவன் முனகினான்.

"சத்தியம் பண்ணியிருக்கோம்ல, பேசாம வா!"

நடக்க நடக்கக் கரிமண் தேய்ந்துகொண்டே வந்தது. மரியட்டா பையிலிருந்து மாற்றுக் கட்டியை எடுத்தாள். ஈரத்தில் பிசைந்த மாவு மாதிரி ஆகியிருந்தது. கவசத்தைத் தூக்கிப் பார்த்தாள். விரல்நுனி அளவுக்குச் சிவப்பு. சுற்றிலும் காய்ந்த குச்சி ஒன்றுகூடக் கிடையாது. சதுப்பில் எங்கே இருக்கும்? அவள் அந்தத் தணலைக் கவசத்துக்குள் தட்டிப் போட்டு, சட்டி மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு திட்டின் மேல் மண்டியிட்டு ஊதினாள். புகை கண்ணில் அடித்தது. கண்ணீர் புகையால் மட்டும் வரவில்லை.

தர்ஸ்டன் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தையும் சும்மா விடுவானேன் என்று கோஷே பக்கம் திரும்பினான். இந்தப் பளபளப்பு மனுஷன் ஒரு தடவை கை ஓங்கினால் போதும், எல்லாம் முடிந்தது.

"ஏய், நீ பிரெஞ்சுக்காரனா?"

"ஆம். கோஷே த மாலவல்."

"எங்கப்பன் உங்க ஊருக்கு வந்திருக்கான், வில்லைத் தூக்கிக்கிட்டு. பிரெஞ்சுக்காரனோட முதுகு எப்படி இருக்கும்னு நல்லா சொல்லுவான். மூஞ்சியைப் பாத்ததே இல்லைன்னான்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிரபுவின் காது சிவந்தது.

"சமாதானம் நிலவுகிறது, ஐயா" என்றார்.

"நல்லதாப் போச்சு, தப்பிச்சே! உன் தொப்பியை ஒரு ஸ்காட்டுப் பொம்பளை அடுப்பா வெச்சு ஊதுறா. நீ பக்கத்துல கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. உங்க ராஜா அனுப்பின வீரனா நீ, இல்ல சமையல்காரனா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட பேச்சு அது. கோஷே அசையாமல் நின்றார். அவர் நெற்றியில் ஒரு நரம்பு துடிப்பதை மரியட்டா பார்த்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த மனுஷன் கடல் தாண்டி வந்து, ஒரு குளிர்காலம் பூரா அவள் வீட்டு மூலையில் புகையைத் தின்று கிடந்தார் என்று அவளுக்குத் தெரியும். எதிரே ஒரு ஆங்கிலேயன், கூப்பிட்டுக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறான். கையில் ஈட்டி. யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்?

"பிரபு," என்றாள் அவள். "பிரபு, என் நிலம்..."

கோஷே வாளை உருவினார்.

கூட்டம் ஒரு அடி பின்னே போனது. தர்ஸ்டன் சுத்தியலை இறுக்கிக்கொண்டு பல்லைக் காட்டினான். மரியட்டா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

சடக் என்று ஒரு சத்தம். யாரும் அலறவில்லை. இன்னொரு சடக். அவள் கண்ணைத் திறந்தாள்.

பிரபு சேற்றில் முழங்காலிட்டு, ஒரு பாறைமேல் தன் ஈட்டியைக் கிடத்தி, வாளால் வெட்டிக்கொண்டிருந்தார். நீலமும் மஞ்சளும் சிதறித் தெறித்தன. வர்ணத்துக்கு உள்ளே மரம் வெள்ளை வெளேரென்று, எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஒரு துண்டைச் செதில் செதிலாகச் சீவினார். சிராய்களை உள்ளங்கையில் அள்ளி, மழை படாமல் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து கவசத்துக்குள் போட்டார்.

"ஊதுங்கள், அம்மணி" என்றார். "நன்றாக ஊதுங்கள்."

மரியட்டா ஊதினாள். அந்த மாதிரி அவள் வாழ்நாளில் ஊதியதில்லை. முதலில் புகை. அப்புறம் ஒரு சின்ன நாக்கு எட்டிப் பார்த்தது. பிறகு குப்பென்று பிடித்துக்கொண்டது. நல்ல பிரெஞ்சு மரம், எண்ணெய் போட்டுப் போட்டு வளர்த்தது. மழையை மதிக்கவே இல்லை. ஈரக் கரிமண்ணை அதன்மேல் காட்டினாள். அது கொஞ்ச நேரம் முரண்டுபிடித்தது, ஆவி விட்டது, ஓரத்தில் சிவந்தது. அதைக் கம்பில் குத்தித் தூக்கிப் பிடித்தாள்.

"எரியுது!" என்று கத்தினாள். "பாத்துக்கோங்க எல்லாரும்! தடம் அணையல! எரியுது!"

அந்த ஆங்கிலேயக் கூட்டம் இருக்கிறதே, நனைந்து, நடுங்கி, பசியில் இருந்த கூட்டம், அது ஹோவென்று கூச்சல் போட்டது. அவர்களுக்கு எந்த நாட்டு மாடு, எந்த நாட்டுப் பிரபு என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை. முனகிக்கொண்டே வந்த கிழவன் கோஷேயின் முதுகில் ஓங்கி அடித்தான். "அடேயப்பா! இப்படி ஒரு ஈட்டியை வெட்டிட்டியே! என் மகனுக்குக்கூட நான் வெட்டமாட்டேன்!"

தர்ஸ்டன் மட்டும் அந்தக் கூச்சலில் சேரவில்லை. பாறையைச் சுற்றிக் கிடந்த நீலச் சிராய்களைப் பார்த்தான். வேல்கம்பைப் பார்த்தான், காலையில் தானே தொட்டுச் சத்தியம் செய்த கம்பு. பிறகு பிரபுவைப் பார்த்தான்.

"சனியன்," என்றான் தனக்குத் தானே. "ஒரு பிரெஞ்சுக்காரன் இப்படி வாக்கைக் காப்பாத்துவான், நான் பாத்துக்கிட்டு நிப்பேனா? அதுவும் என் சொந்தச் சதுப்புல?" சுத்தியலை இடுப்பில் சொருகினான். "வாங்க எல்லாரும். இந்தப் பக்கம் இல்ல. மேற்கே."

"மேற்கேயா? எப்படிய்யா தெரியும்?"

"நாய் மோப்பம் பிடிச்சிருச்சு."

நாய் பாறை ஓரத்தில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் இருமினார்கள், அவ்வளவுதான்.

மேற்கே, குன்றுக்குப் பின்னால், தர்ஸ்டனின் பழைய ஆட்டுப்பட்டி. கதவைத் திறந்தான். உள்ளே கருப்பும் செவலையும் நல்ல காய்ந்த வைக்கோலைத் தின்றுகொண்டு, வந்தவர்களை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்பது போலப் பார்த்தன.

மரியட்டா ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் காதைப் பிடித்துப் பார்த்தாள், வளைந்த கொம்பைத் தடவினாள், கருப்பின் மூக்கில் முத்தம் கொடுத்தாள், ஓவென்று வாய்விட்டு அழுதாள். ஒரு ஆங்கிலேயக் கிழவிக்கும் கண் கலங்கிவிட்டது. "அழாதடி, அதான் கிடைச்சிருச்சே" என்று சொல்லித் தானும் அழுதாள்.

"நம்ம பட்டிக்குள்ள எப்படி வந்திருக்கும்?" என்றான் ஒருத்தன், வேண்டுமென்றே, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

எல்லாரும் மரியட்டாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையும் களவுமாகப் பிடித்த கணக்குத்தான். தர்ஸ்டன் தலையைக் குனிந்து நின்றான். அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் போன இலையுதிர்காலத்தில் சிம் எங்கிருந்தோ ஓட்டி வந்த கொழுத்த ஆடுகளும் அவளுக்கு நினைவு வந்தன. அவற்றின் காதில் இருந்த அடையாள வெட்டு இந்தப் பட்டிக் கதவிலும் செதுக்கியிருந்தது.

"மழைக்கு ஒதுங்கியிருக்கும்ங்க" என்றாள். "நல்ல பட்டி. வைக்கோல் போட்டு வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."

தர்ஸ்டன் மூச்சை விட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நிமிஷம் பார்லிக் கள் வந்தது, ரொட்டி வந்தது, யாரோ பாதிப் பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தர்ஸ்டன் தன் கையாலேயே பிரபுவுக்குக் கள்ளை ஊற்றினான்.

"யோவ் பிரெஞ்சுக்காரா, கோடைக்கு சமாதானம் முடியுதுல்ல. முடிஞ்சதும் வா. ஈட்டி நான் தர்றேன். நல்லதா ஒண்ணு. ஒருத்தர ஒருத்தர் ஆசை தீரக் குத்திக்கலாம்."

"பெருமகிழ்ச்சி, ஐயா!" என்று எழுந்து நின்று வணங்கினார் கோஷே. "காலையிலா, மாலையிலா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்கய்யா!" என்று அதட்டினாள் மரியட்டா. "கோடையில புல் அறுக்கணும்."

வழக்கப்படி, எல்லார் முன்னிலையிலும் கரிமண்ணைத் தண்ணீரில் முக்கித் தடத்தை அணைத்தார்கள். தர்ஸ்டன், கிடைக்கும்வரை விலகமாட்டேன் என்று சொன்ன வாக்குக்கு மேலேயும் போய், எல்லை உச்சி வரை மாட்டைத் தானே ஓட்டிவந்து விட்டுப் போனான். மழை நின்றிருந்தது. கீழே கேர்ன்ஹோப் தெரிந்தது. கோடு கோடாகப் பிரித்த நிலங்கள். அவற்றில் ஒன்று அவளுடையது.

கோஷே பின்னால் மெதுவாக வந்தார். ஒரு கையில் கரி பிடித்த தலைக்கவசம். இன்னொரு கை வெறுமையாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிரபு, பேச்சே காணோம்?"

"ஒன்றுமில்லை அம்மணி. ஊர் திரும்பினால் கேட்பார்களே, ஈட்டியை எங்கே உடைத்தாய் என்று. என்ன சொல்வது என எண்ணிப் பார்க்கிறேன்."

மரியட்டா நின்றாள். மாடுகளும் நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கேலி பேசத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"ஸ்காட்லாந்துல ஒரு வீடு இருக்குன்னு சொல்லுங்க. அந்த வீட்ல அடுத்த வருஷம் பூரா கஞ்சி குடிப்பாங்க. அங்கதான் உடைச்சேன்னு சொல்லுங்க."

கோஷே அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். இறக்கம் முழுக்க அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மரியட்டா காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் சொன்னதை அவர் தன் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார், ஊர் போய்ச் சேர்வதற்குள் ஒரு வார்த்தையும் மறந்துவிடக் கூடாதென்று.